வருகைப் பதிவேடு

புன்டா அரீனாஸில் காற்று ஆளைத் தள்ளிவிடும்.
பிடித்துக்கொண்டு நடக்க
தெருமுனைகளில் கயிறு கட்டியிருப்பார்கள்.
அந்தக் கயிறு ஆஸ்பத்திரி வாசல்வரை வரும்.
வாசலுக்கு அப்புறம் நான்.

மேசை, கண்ணாடித் தடுப்பு, பதிவேடு,
நூலில் கட்டிய பேனா.
அந்த வருடம் என் வேலை இல்லை என்று சொல்வது.
எங்கள் மொழியில் அது இரண்டே எழுத்து.
முகக்கவசத்துக்குள் அதுவும் கேட்காது,
தலையை ஆட்டுவேன்.

விதி சுவரில் ஒட்டியிருந்தது:
பார்வையாளருக்கு அனுமதி கிடையாது.
இறுதிக் கட்டம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால்
ஒருவர், ஒருமுறை, பதினைந்து நிமிடம்.

எலெயுதேரியோ பர்ரியா
நாற்பது வருடம் ஆடுகளுக்கு ரோமம் கத்தரித்தவர்.
அந்தக் கை பட்ட இடத்தில்
பதிவேட்டுத் தாளில் எண்ணெய் ஊறி
அடுத்த பக்கத்துப் பெயர்கள் தெரியும்.
மூன்றாம் மாடியில் அவர் மனைவி நில்டா.

முதல் வாரம் கேட்டார்:
இன்றைக்கு எப்படி இருக்கிறாள்?
இரண்டாம் வாரம் கேட்டார்:
டாக்டர் எழுதிவிட்டாரா?

கேட்டது என்னவென்று பிறகுதான் உறைத்தது.
தொப்பியைக் கழற்றினார்,
மறுபடி போட்டுக்கொண்டார்.
மறுநாளும் அதையேதான் கேட்டார்.

'கொஞ்சம் தேறியிருக்கிறார்' என்று நான் சொல்ல
முகம் வாடிப்போனவர்கள்
அவர் மட்டுமல்ல.

ஒரு செவ்வாய்க்கிழமை தாள் வந்தது.
அங்கி, தலையுறை, கைக்கு இரண்டு உறை.
பதினான்காம் நிமிடம் வெளியே வந்துவிட்டார்.
'அவள் கால் சில்லிட்டிருந்ததா, தெரியவில்லை.
ஆட்டைத் தொட்டால் காய்ச்சல் சொல்வேன்.
ரப்பர் வழியாக ஒன்றும் தெரியவில்லை.'
மறுநாள் கம்பளிக் காலுறை கொண்டுவந்தார்.
பையில் போட்டு, பெயர் ஒட்டி, மேலே அனுப்பினேன்.

நில்டா சாகவில்லை.
புதன், வியாழன், வெள்ளி.
சூப் கேட்டாராம்.
போர்வையை மடிக்கத் தெரியவில்லை என்று
நர்ஸ் யஸ்னாவைத் திட்டினாராம்.
பதினோரு நாள் அப்படி இருந்தார்.
அனுமதிக் கட்டத்தில் என் முத்திரை:
பயன்படுத்தப்பட்டது.

'செவ்வாய்க்கிழமையே போயிருக்க வேண்டுமா அவள்?'
கோபமாக இல்லை,
பேருந்து எங்கே நிற்கும் என்பதுபோல் கேட்டார்.
நான் பேனாவின் நூலை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

அவள் ஜன்னல் கடலைப் பார்த்தது, தெருவை அல்ல.
கட்டிடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போவார்,
அங்கே கயிறு கிடையாது.
வேலிக் கம்பியைப் பிடித்தபடி நிற்பார்.
படுக்கையிலிருந்து பார்த்தால் வானம் மட்டும்தான்.
யஸ்னா சொன்னாள்:
'கீழே நிற்கிறார் என்றேன்.
தொப்பி போட்டிருக்கிறாரா என்று கேட்டார்.'

ஒரு இரவு வாசல் கேமரா வேலை செய்யவில்லை.
அவர் கண்ணாடிக்கு வெளியே.
கதவைத் திறக்க எழுந்தேன்.
வீட்டில் என் அம்மா, அவளுக்கும் மூச்சு சரியில்லை.
உட்கார்ந்துவிட்டேன்.
இதை யாரிடமும் சொன்னதில்லை.

சனிக்கிழமை விடிகாலை நான்கு பத்து.
பை என் மேசைக்குத் திரும்பி வந்தது.
சீப்பு, கண்ணாடி, காலுறை இரண்டு.
குதிகால் இடம் புடைத்து,
பாதம் உள்ளேயே இருப்பதுபோல.
'யார் போட்டுவிட்டது?'
யஸ்னா, என்றேன்.
என் பேனாவை இழுத்து
உள்ளங்கையில் அந்தப் பெயரை எழுதிக்கொண்டார்.

பிறகு பதிவேட்டைத் தொட்டார்.
'என்னை எழுது.'

எழுதினேன்.
பெயர்: எலெயுதேரியோ பர்ரியா.
உறவு: கணவர்.
உள்ளே வந்த நேரம்: மூன்று ஐம்பத்தைந்து.
வெளியே போன நேரம்...
யோசித்தார்.
'அதை விட்டுவிடு.'

அடுத்த வரியில்
ஆக்சிஜன் சிலிண்டர் இறக்க வந்தவன்.
வந்தது ஐந்து இருபது,
போனது ஐந்து முப்பத்தைந்து.